மொரீஷியசில் உங்கள் தொகுதிக்கு மூன்று உறுப்பினர்கள்: புதிதாக வந்த தமிழர்களுக்கு

தமிழ்நாட்டிலிருந்து இந்தத் தீவுக்கு வேலைக்காகவோ திருமணமாகியோ வருகிறவர்கள், வீடு, வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் பள்ளி எல்லாம் ஒருவழியாக அமைந்த பிறகு ஒருநாள் கேட்பார்கள்: "இந்தப் பகுதிக்கு எம்.எல்.ஏ. யார்?" பெரும்பாலும் குழாயில் தண்ணீர் வராத நாளிலோ, தெருவில் தண்ணீர் வடியாத நாளிலோதான் இந்தக் கேள்வி எழும். "மூன்று பேர்" என்று நான் பதில் சொன்னால், கேள்வி சரியாகப் புரியவில்லையோ என்று மறுபடியும் கேட்பார்கள்.

நானும் அப்படித்தான் இருந்தேன். குடிவந்த முதல் கோடை மழையில் எங்கள் சந்தில் முழங்கால் அளவு நீர் ஏறியது. யாரோ ஒரு பெயரைச் சொன்னார்கள். அவருக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டு இரண்டு மாதம் காத்திருந்தேன். பதில் வரவில்லை. பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொல்லி வருந்தியபோது அவர் கேட்டார்: "மற்ற இருவருக்கும் எழுதினாயா, மகளே? அந்தச் சாக்கடை யாருடையது என்று விசாரித்தாயா?" இரண்டையும் நான் செய்திருக்கவில்லை. அந்த இரண்டு கேள்விகளுக்குப் பதில் தேடிக் கற்றுக்கொண்டவற்றைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வேலை: உங்கள் தொகுதியின் எண்ணைக் கண்டுபிடியுங்கள்

இங்கே தொகுதியைப் பெயரால் குறிப்பிடுகிறவர்கள் குறைவு. "நிமெரோ 5", "நிமெரோ 19" என்று இங்குள்ளவர்கள் பேசும் கிரியோல் மொழியில் எண்ணைச் சொல்லித்தான் எல்லோரும் பேசுவார்கள். மொரீஷியஸ் தீவில் 20 தொகுதிகள். 21ஆவது தொகுதி ரோட்ரிக்ஸ் தீவு. 5 என்றால் பாம்பிள்மூஸ்–திரியோலே. 12 என்றால் மாயேபூர்–பிளேன் மாஞ்ஞான். 18 என்றால் பெல் ரோஸ்–கத்ர் போர்ன். 19 என்றால் ஸ்டான்லி–ரோஸ் ஹில். செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் எண் மட்டுமே வரும் என்பதால், முதல் வாரத்திலேயே உங்கள் எண்ணை மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது.

எண்ணைத் தேடும்போது பலரும் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. இந்தத் தீவில் ஒன்பது மாவட்டங்கள் இருக்கின்றன: போர்ட் லூயிஸ், பாம்பிள்மூஸ், ரிவியேர் து ராம்பார், ஃபிளாக், கிராண்ட் போர்ட், சவான், பிளேன் வில்ஹெம்ஸ், மொக்கா, பிளாக் ரிவர். நம் ஊர்ப் பழக்கத்தில், மாவட்டத்துக்குள் தொகுதிகள் அடங்கியிருக்கும் என்று நினைப்போம். இங்கே அது எப்போதும் பொருந்தாது. 14ஆம் தொகுதியின் பெயரே சவான்–பிளாக் ரிவர். இரண்டு மாவட்டங்களின் பெயர்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். நகராட்சி எல்லையும் உதவாது. 16ஆம் தொகுதி வாகுவா–ஃப்ளோரியால். வாகுவா ஒரு நகராட்சியில் இருக்கிறது, ஃப்ளோரியால் கியூர்பிப் நகராட்சியில் இருக்கிறது. வாகுவா–ஃபீனிக்ஸ் என்று ஒரே நகராட்சியாக இருக்கும் ஊரில் ஃபீனிக்ஸ் பக்கம் 15ஆம் தொகுதிக்குப் போய்விடுகிறது. ஆகவே "நான் இந்த நகராட்சியில் வாழ்கிறேன், அதனால் இந்தத் தொகுதி" என்று ஊகிக்க வேண்டாம். தெருப் பெயரோடு தேர்தல் ஆணையர் அலுவலகத்தில் கேளுங்கள். அல்லது தேர்தல் நாளில் உங்கள் தெருக்காரர்கள் எந்தப் பள்ளிக்கு வாக்களிக்கப் போனார்கள் என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். இரண்டாவது வழிதான் வேகமானது. எபேனில் அலுவலகம் இருக்கிறவர்களுக்கு இன்னொரு குறிப்பு: நீங்கள் உறங்கும் வீடு எங்கே இருக்கிறதோ அதுதான் உங்கள் தொகுதி, வேலை பார்க்கும் இடத்துக்கு இதில் கணக்கில்லை.

மூன்று பேர் எப்படி வந்தார்கள்

1959 தேர்தலில், வயதுவந்தோர் அனைவருக்கும் முதன்முறையாக வாக்குரிமை கிடைத்தபோது, இங்கும் தொகுதிக்கு ஒருவர்தான். 40 தொகுதிகள், 40 பேர். பல இனங்களும் பல மொழிகளும் நெருக்கியடித்து வாழும் சிறிய தீவில், தொகுதிக்கு ஒருவர் என்றால் சிறுபான்மையினர் முற்றாக விடுபட்டுப் போகக்கூடும் என்ற கவலை இருந்தது. அதற்கு விடையாக வந்ததுதான் மூவர் முறை. 1967 ஆகஸ்ட் தேர்தலிலிருந்து ஒவ்வொரு தொகுதிக்கும் மூவர்; ரோட்ரிக்சுக்கு மட்டும் இருவர். ஆக மொத்தம் 62 பேர் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள்.

இவர்களோடு "பெஸ்ட் லூசர்" என்று அழைக்கப்படுகிறவர்களும் சேருவார்கள். தோற்றவர்களுள் அதிக ஆதரவு பெற்றவர்களிலிருந்து, பேரவையில் (இந்த நாட்டின் நாடாளுமன்றத்தில்) குறைவாக இடம்பெற்ற சமூகங்களுக்கு அதிகபட்சம் எட்டு இடங்கள் வரை தருகிறார்கள். அரசியலமைப்பு இதற்காக நான்கு சமூகங்களை வகுத்திருக்கிறது: இந்துக்கள், முஸ்லிம்கள், சீன மொரீஷியர்கள், "பொது மக்கள்" (மற்ற மூன்றிலும் சேராதவர்கள்). தமிழர்கள் இந்தக் கணக்கில் "இந்துக்கள்" என்ற தலைப்பின்கீழ் வருகிறார்கள். அன்றாடப் பேச்சிலோ "இந்து" என்றால் போஜ்புரி வழி வந்தவர்கள் என்றும், "தமுல்" என்றால் நாம் என்றும் தனித்தனியாகவே சொல்வார்கள். யாராவது உங்களிடம் "நீங்கள் இந்துவா, தமிழரா?" என்று கேட்டால் திகைக்க வேண்டாம், அந்தக் கேள்விக்கு இந்த ஊரில் பொருள் உண்டு. கணக்குக்கு இன்றும் பயன்படும் சமூக விவரம் 1972 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து வருவது. அரை நூற்றாண்டுக்கு முந்தைய எண்களை வைத்து இன்றைய பேரவையை நிரப்புவது சரியல்ல என்பது என் கருத்து. ஆனால் இதை மாற்றுவது எளிதல்ல என்பதையும் இங்கே இருந்து பார்த்திருக்கிறேன்.

இந்த விவரம் உங்களுக்கு ஏன் வேண்டும்? 2024 நவம்பர் 10 அன்று நடந்த தேர்தலில் மொரீஷியஸ் தீவின் 60 இடங்களையும் ஒரே கூட்டணி வென்றது. 1982, 1995 ஆண்டுகளுக்குப் பிறகு இப்படி அறுபதுக்குச் சுழியம் என்று வந்தது மூன்றாவது முறை. அப்படியிருக்க, அந்தத் தேர்தலில் உங்கள் தொகுதியின் மூவரும் ஆளும் தரப்பிலிருந்தே வந்தார்கள். எதிர்க்கட்சிக் குரல் பெஸ்ட் லூசர் இடங்கள் வழியாகத்தான் உள்ளே வந்தது; அந்த முறை நான்கு பேர் அப்படிச் சேர்ந்தார்கள். உங்கள் தொகுதியில் நின்று தோற்று இவ்வாறு உள்ளே போனவர் இருந்தால், அவரை நான்காவது ஆளாகக் கருதி அவருக்கும் எழுதலாம்.

பேரவையின் பட்டியலில் "முதல் உறுப்பினர்", "இரண்டாம் உறுப்பினர்", "மூன்றாம் உறுப்பினர்" என்று போட்டிருப்பார்கள். அது பெற்ற வாக்குகளின் வரிசை மட்டுமே. மூன்றாமவருக்கு அதிகாரம் குறைவு என்று நினைத்து ஒதுக்கிவிட வேண்டாம். என் அனுபவத்தில், மூவருள் அமைச்சராக இருப்பவரைவிட அமைச்சர் பதவி இல்லாத உறுப்பினருக்குத்தான் தொகுதியின் தெருக்களில் நடக்க நேரம் இருக்கிறது.

எந்தக் கதவைத் தட்டுவது

இதுதான் இந்தக் கட்டுரையின் முக்கியமான பகுதி. உறுப்பினர்களை மக்கள் கிரியோலில் "தெபித்தே" என்பார்கள். தெபித்தேயிடம் எல்லாவற்றையும் கொண்டுபோவது இந்த ஊர்ப் பழக்கமும்கூட. ஆனால் வேலை முடிய வேண்டுமென்றால், அந்த வேலைக்குப் பொறுப்பான அலுவலகத்துக்கு முதலில் போக வேண்டும். தெபித்தே அதன் பின்னால் நின்று தள்ளுகிறவர்.

குப்பை வண்டி வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை, சந்தை அழுக்காக இருக்கிறது, சந்தின் சிறு சாக்கடை அடைத்திருக்கிறது: இவையெல்லாம் உள்ளாட்சியின் வேலை. தீவில் ஐந்து நகராட்சிகள் இருக்கின்றன: போர்ட் லூயிஸ், போ பாசன்–ரோஸ் ஹில், கத்ர் போர்ன், வாகுவா–ஃபீனிக்ஸ், கியூர்பிப். நகராட்சி இல்லாத இடங்களில் ஏழு மாவட்டச் சபைகளும் அவற்றின்கீழ் கிராமச் சபைகளும் இருக்கின்றன. குழாய்த் தண்ணீர் என்றால் சென்ட்ரல் வாட்டர் அதாரிட்டி. மின்சாரம் என்றால் சென்ட்ரல் எலெக்ட்ரிசிட்டி போர்டு. கழிவுநீர்க் குழாய் என்றால் வேஸ்ட்வாட்டர் மேனேஜ்மென்ட் அதாரிட்டி. பெரிய சாலைகள் ரோடு டெவலப்மென்ட் அதாரிட்டியின் பொறுப்பு. பெரிய வடிகால்களும் தொகுதிக்குள் நடக்கும் சிறு கட்டுமானங்களும் நேஷனல் டெவலப்மென்ட் யூனிட், அதாவது என்.டி.யு.வின் கையில்.

வடிகால் விஷயத்தை இங்கே யாரும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. 2013 மார்ச் 30 அன்று போர்ட் லூயிசில் சில மணி நேரத்துக்குள் கொட்டிய மழையில் 11 பேர் உயிரிழந்தார்கள். 2024 ஜனவரியில் பெலால் புயலின்போதும் தலைநகரின் தெருக்களில் கார்கள் மிதந்தன. ஆகவே உங்கள் வீட்டருகே நீர் தேங்கினால் "இது சின்ன விஷயம், நாம் வெளியூர்க்காரர்கள்" என்று வாய்மூடி இருக்காதீர்கள். எங்கள் சந்தின் கதை இப்படி முடிந்தது: அடைத்திருந்த சிறு சாக்கடை உள்ளாட்சியுடையது, அது போய்ச் சேரும் பெரிய கால்வாய் வேறொரு துறையுடையது. ஒவ்வொருவரும் மற்றவரைக் கைகாட்டினார்கள். இரண்டு அலுவலகங்களிலும் புகார் எண் வாங்கி, இரண்டு எண்களையும் ஒரே கடிதத்தில் போட்டு மூன்று உறுப்பினர்களுக்கும் அனுப்பிய பிறகுதான் இரு தரப்பினரும் ஒரே நாளில் வந்து பார்த்தார்கள்.

சரியான அலுவலகம் எது என்றே தெரியாதபோது போகக்கூடிய இடம் சிட்டிசன்ஸ் அட்வைஸ் பீரோ. மக்கள் சுருக்கமாக சி.ஏ.பி. என்பார்கள். தீவெங்கும் பல ஊர்களில் கிளைகள் இருக்கின்றன. அங்கே உட்கார்ந்து உங்கள் குறையைச் சொன்னால், எங்கே அனுப்ப வேண்டும் என்று சொல்வார்கள். உறுப்பினர்கள் மக்களைச் சந்திக்கும் நாள்களையும் அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இணையத்தில் செய்ய விரும்புகிறவர்களுக்கு அரசின் சிட்டிசன் சப்போர்ட் போர்ட்டல் இருக்கிறது. அதில் பதிவு செய்தால் ஓர் எண் கிடைக்கும். அந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எங்கே போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

உறுப்பினரிடம் கொண்டுபோகக் கூடாதவை என்றும் சில உண்டு. உங்கள் வேலை அனுமதி, குடியிருப்பு அனுமதி போன்றவை எகனாமிக் டெவலப்மென்ட் போர்டும் குடிவரவு அலுவலகமும் பார்க்கிறவை. அதில் "ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று கேட்பது உங்களையும் அவரையும் தர்மசங்கடத்தில் தள்ளும். வேலை வாங்கித் தரச் சொல்வதும் அப்படியே. ஊர்க்காரர்கள் கேட்கிறார்களே என்று நீங்களும் கேட்க வேண்டாம்.

கடிதம் எழுதும் முறை

ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ எழுதுங்கள். பேரவையின் அதிகாரப்பூர்வ மொழி ஆங்கிலம். பிரெஞ்சிலும் உறுப்பினர்கள் பேசலாம். முதல் வரியிலேயே தொகுதி எண்ணும் தெருப் பெயரும் வரட்டும். ஒரு கடிதத்தில் ஒரு குறை மட்டும். தேதி போட்ட புகைப்படம், எந்த அலுவலகத்தில் எப்போது புகார் செய்தீர்கள், புகார் எண், எத்தனை குடும்பங்கள் பாதிக்கப்படுகின்றன. ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். அக்கம்பக்கத்தார் ஐந்தாறு பேர் கையெழுத்துப் போட்டால் கடிதத்தின் எடை கூடும். இந்த நாட்டில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அதே கடிதத்தை மூவருக்கும் அனுப்பி, மூவருக்கும் அனுப்பியிருப்பதாகக் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள். ஒளித்து அனுப்பினால் பின்னால் மனக்கசப்பு வரும்.

நாடு முழுவதும் சுமார் 10 லட்சம் வாக்காளர்கள்தான். 21 தொகுதிகளுக்குப் பகிர்ந்தால் சராசரியாக ஐம்பதாயிரத்துக்கும் சற்றுக் குறைவு. 234 தொகுதிகளில் ஐந்து கோடிக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் இருக்கும் தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இது புரிய நாளாகும். அங்கே சட்டமன்ற உறுப்பினரைப் பார்க்க வேண்டுமென்றால் நடுவில் யாரையாவது பிடிக்க வேண்டும். இங்கே தைப்பூசக் காவடியன்று கோவில் வாசலிலும், பக்கத்துத் தெரு இறுதிச் சடங்கிலும், ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் அவர் உங்கள் எதிரே நிற்பார். வணக்கம் சொல்லி, பெயரையும் தெருவையும் சொல்லி, கடிதம் அனுப்பியிருப்பதை நினைவூட்டுங்கள். குறையை அங்கேயே விவரிக்கத் தொடங்க வேண்டாம். காவடி எடுத்தவர்கள் காத்திருப்பார்கள்.

பதில் வராவிட்டால் அடுத்த படி பேரவைக் கேள்வி. பேரவை கூடும் காலங்களில் வழக்கமாகச் செவ்வாய்க்கிழமைகளில் போர்ட் லூயிசின் பழைய அரசு மாளிகை வளாகத்தில் கூடுகிறது. உறுப்பினர்கள் அமைச்சர்களிடம் கேள்வி எழுப்பலாம்; பதில் பதிவாகும். "எங்கள் தெருவின் வடிகால் பணி எப்போது முடியும் என்று கேள்வியாகக் கேட்க முடியுமா?" என்று உங்கள் உறுப்பினரிடம் எழுத்தில் கேளுங்கள். தேதியோடு பதிவான ஒரு பதில், வாய்வழி வாக்குறுதிகள் பலவற்றைவிட வலியது. கூட்டங்களை 2017 முதல் நேரலையாகப் பார்க்கலாம்.

உங்களுக்கே வாக்கு இருக்கலாம்

இதைச் சொன்னால் புதியவர்களுள் பலர் சிரிப்பார்கள். "நாங்கள் இந்தியக் குடிமக்கள், எங்களுக்கு எப்படி?" என்பார்கள். மொரீஷியஸ் அரசியலமைப்பின் 42ஆம் பிரிவு வாக்காளராவதற்குக் குடியுரிமையைக் கேட்கவில்லை. காமன்வெல்த் நாட்டுக் குடிமகனாக இருந்தால் போதும் என்கிறது. 18 வயது நிறைந்திருக்க வேண்டும். பதிவுக்கான தேதிக்கு முந்தைய இரண்டு ஆண்டுகள் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், தென்னாப்பிரிக்கா எல்லாம் காமன்வெல்த் நாடுகள். பக்கத்தில் இருக்கும் ரெயூனியோன் பிரான்சின் பகுதி என்பதால் அங்கிருந்து பிரெஞ்சுக் குடியுரிமையோடு வருகிற தமிழ் வம்சாவளியினருக்கு இந்த வழி இல்லை.

இந்த உரிமை சரியா என்று இங்குள்ளவர்களிடையே விவாதம் உண்டு. சிலருக்கு இது பிடிக்கவில்லை; அவர்கள் கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் பத்தாண்டு, பதினைந்தாண்டு இங்கே வரி கட்டி, பிள்ளை வளர்த்து, இதே மழையில் நனைந்தவர்கள் தங்களை விருந்தாளி என்று எண்ணி ஒதுங்கி நிற்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. கையில் இருக்கும் மொரீஷியஸ் ரூபாய் நோட்டைத் திருப்பிப் பாருங்கள். அதில் தமிழ் எழுத்து இருக்கிறது. 1998இல் வெளிவந்த புதிய நோட்டுகளில் இந்திக்குப் பின்னால் தமிழைத் தள்ளியபோது இங்குள்ள தமிழர்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டு, பழைய வரிசைப்படி புதிதாக அச்சிடப்பட்டன. அப்படிக் குரல் எழுப்பியவர்களுள் பெரும்பாலோர் வீட்டில் கிரியோல் பேசுகிறவர்கள்.

பதிவு ஆண்டுதோறும் ஜனவரியில் தொடங்கும். அலுவலர்கள் வீடு வீடாக வருவார்கள். அந்த நேரம் நீங்கள் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தால் தவறிவிடும். திரும்பி வந்ததும் தேர்தல் ஆணையர் அலுவலகத்தை நீங்களே தொடர்புகொள்ளுங்கள். பாஸ்போர்ட்டையும், இரண்டு ஆண்டு இங்கே இருந்ததற்கான சான்றுகளையும் ஒரு கோப்பில் எப்போதும் வைத்திருங்கள்: வாடகை ஒப்பந்தம், மின் கட்டண ரசீது, அனுமதி அட்டை.

வாக்களிக்கும் முறையிலும் நம் பழக்கம் கைகொடுக்காது. சீட்டில் மூன்று பெயர்களுக்கு எதிரே குறியிட வேண்டும். மூன்றுக்கு மேல் போட்டாலும் செல்லாது, குறைவாகப் போட்டாலும் செல்லாது. ரோட்ரிக்சில் இரண்டு. பிடித்த ஒருவருக்கு மட்டும் போட்டுவிட்டு வர முடியாது. மூன்றையும் ஒரே அணிக்குப் போடுவதை "வோட் பிளோக்" என்பார்கள். கட்சிகள் அதைத்தான் கேட்கும். நீங்கள் அணி மாற்றியும் போடலாம்.

கடைசியாக ஒன்று, நம்மவர்களுக்கே உரிய சிக்கல். 2019 தேர்தலில் பட்டியலில் தங்கள் பெயர் இல்லை என்று பலர் வாக்குச்சாவடியிலிருந்து திரும்பினார்கள். பதிவு செய்தோம் என்பதோடு நின்றுவிடாமல், பட்டியல் பார்வைக்கு வைக்கப்படும் நாள்களில் போய்ப் பெயரைத் தேடுங்கள். இங்கே எல்லாம் குடும்பப் பெயர் வரிசையில் இருக்கும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும், சிலருக்கு ஊர்ப் பெயர். கவிதா என்று "க"வுக்கான இடத்தில் தேடிக் கிடைக்காமல் போனவர், "சுப்பிரமணியன்" என்று அப்பாவின் பெயரின்கீழ் இருந்தார். இரண்டு இடங்களிலும் பாருங்கள். எழுத்துப் பிழை இருந்தால் அங்கேயே, அந்த நாள்களுக்குள்ளேயே திருத்தச் சொல்லுங்கள்.